ஒரு அழுத்து கிரீஸ்

எனக்கு வாய் ஜாஸ்தி. முப்பது வருஷமாக இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரணியில் போளூர் ரோட்டில் இருக்கும் என் மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டி வேலைக்கு வருவார்கள், மீதிப் பேர் நான் யாரையாவது கிழித்துத் தோரணம் கட்டுவதைக் கேட்க வருவார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. என் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய்த்துவிட்டது. வாய் என்னுடையது, கெட்டது இன்னொருத்தன். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

ஊரில் பட்டுச் சேலை வியாபாரம் செய்த ஒரு முதலாளியிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட்டு, மேலே கேன்வாஸ் கூரை. முன்பக்கத்து மூடி மட்கார்டோடு சேர்த்து முழுசாக முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்தால் சக்கரம், ஸ்ப்ரிங், ஸ்டியரிங் எல்லாம் வெளியே தெரியும். அவருடைய அப்பா எந்தக் காலத்திலோ மெட்ராஸில் வாங்கியது. பல வருஷம் சேலைக் கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. ஊரடங்கு முடிந்த சமயத்தில் முதலாளிக்கு அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அறுபது வயசு. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருந்தது இந்த ஒரு ஆசைதான்.

இன்ஜினை ஒரு வாரத்தில் பேச வைத்துவிட்டேன். தகராறெல்லாம் முன்பக்கத்தில். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையாது. ரப்பர் புஷ்கள் பொடியாக உதிர்ந்தன. ஸ்டியரிங்கோடு சேர்ந்து நகரும் பல்சட்டமான ராக்கின் இரண்டு பக்கத்து ரப்பரும் கிழிந்து உள்ளே ஒரே மண். அதே மாதிரி முன்பக்கம் கொண்ட ஒரு சின்னக் கார் நம் ஊர்ப் பக்கமும் ஒரு காலத்தில் ஓடியதால் மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடினால் முக்கால்வாசிச் சாமான் கிடைத்தது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் கீழ்நுனியில் மரை இருக்கும். அந்த மரை, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கன்மெட்டல், அதாவது வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள்ளேயே திரும்பும். முன்பாரம் அத்தனையும் அந்த மரைமேல்தான். பழைய கட்டைகள் இரண்டும் தேய்ந்து லொடலொடவென்று ஆடின. புதிதாகக் கடைந்துதான் ஆக வேண்டும்.

கடைந்தவன் என் சிநேகிதன். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு, அப்புறம் ஐ.டி.ஐ.யில் அவன் டர்னர், நான் மோட்டார் மெக்கானிக். ஊருக்குள் லேத் வைத்திருந்தான். பவர்லூம் ஷாஃப்டு, பம்ப்செட் புஷ், லாரி சாமான் என்று அவன் கைக்கு வேலை ஓயாது. நான் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட அவன் பேச மாட்டான். அந்தக் கட்டைகளில் ஒன்றுக்கு வலது மரை, இன்னொன்றுக்கு இடது மரை. இடது மரை வெட்டுவதற்குள் நாலு பீஸைப் பாழாக்குகிறவர்கள் உண்டு. இவன் முதல் பீஸிலேயே வெட்டினான். தண்டைத் திருகிக் காட்டினான், வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல் இறங்கியது.

முதலாளி வைத்திருந்த அந்தக் காரின் பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் ஒன்று சொன்னான்.

"டேய், இது கிரீஸ் அடிக்கிற எடம் இல்ல. கியர் ஆயில்தான் ஊத்தணும். கிரீஸ் மரைக்குள்ள ஏறாது, கெட்டியாப் பூடும். அப்பறம் தண்ணி எறங்கி இரும்பு துரு ஏறிக்கும்."

"கிரீஸ் ஏத்தற நிப்பிள் வச்சிக்கிறான் பாரு. நிப்பிள் எதுக்கு வப்பான், பாயசம் ஊத்தவா?"

"நிப்பிளப் பாத்து முடிவு பண்ணாத. எண்ணெய்தான். மறந்துடாத."

அன்றைக்கு எண்ணெய்தான் ஊற்றினேன். அதுவரைக்கும் நான் யோக்கியன்.

வண்டி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு சந்தவாசல் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். முப்பதுக்கு மேல் போக மாட்டார். பின்னால் வரும் டவுன் பஸ் ஹாரன் அடித்தே பேஜாராகிவிடும். ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிடு போடுவார். திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தி, "மேஸ்திரி, ஸ்டியரிங்கு ஒரு வெரல்ல சுத்துது" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எத்தனையோ பேர் வண்டியைச் சரிசெய்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் வந்து நன்றி சொன்ன ஆள் அவர் ஒருத்தர்தான்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமான்களையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கிவிடுவோம். அடுக்கிவிட்டால் மறுநாள் வரைக்கும் ஒரு ஸ்பானரைக்கூடத் தொடக் கூடாது. அதற்கு முன்னால் கடைசி வேலையாக நான் கிரீஸ் கன்னை நிரப்பிக்கொள்வேன். அன்றைக்குப் பட்டறையில் எந்த வண்டி நின்றாலும் சரி, அதில் இருக்கிற ஒவ்வொரு நிப்பிளுக்கும் என் கையால் ஒரு அழுத்து. ஊட்டிவிடுவது என்று அதற்குப் பேர். பூஜைச் சோறு எல்லாருக்கும் போகும்போது வண்டிக்கும் ஒரு வாய் போக வேண்டாமா? பக்கத்துப் பவர்லூம்காரர்கூட என்னைக் கூப்பிட்டுத் தறிக்கு ஒரு அழுத்து வாங்கிக்கொள்வார். கைராசி என்பார். எனக்கும் அதில் ஒரு கர்வம்.

அந்த வருஷம் பூஜைக்கு முதலாளி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் வரிசையாக ஊட்டிக்கொண்டே வந்தேன். லாரி, ஆட்டோ, டிராக்டர், கார். காரின் முன்பக்கத்தில் அந்த இரண்டு நிப்பிள்களுக்கும் ஆளுக்கொரு அழுத்து. அந்த இடம் எண்ணெய்க்கு என்பது என் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. கை முப்பது வருஷமாகச் செய்ததைச் செய்தது. அதற்கப்புறம் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

நாலைந்து மாசம் கழித்து ஒரு காலை முதலாளி கையில் சின்ன எண்ணெய் டப்பாவோடு வந்தார். புத்தகத்தைப் படித்திருக்கிறார், மனுஷன்.

"மேஸ்திரி, அந்த ரெண்டு எடத்துக்கும் அப்பப்ப எண்ணெய் ஊத்தணும்னு போட்டுக்கீதே?"

பட்டறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது போதும்.

"மொதலாளி, பூஜைக்கு நம்ம கையால கிரீஸ் ஊட்டிக்கீது. சாமி பிரசாதம். அதுக்கு மேல எண்ணெயா? உங்க வண்டிக்கு இன்னா தீபாவளியா, எண்ணெய் தேச்சிக் குளிக்க?"

நாலு பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "நீங்க சொன்னா சரிதான்" என்று டப்பாவை டிக்கியில் வைத்துவிட்டுப் போனார். அந்த நேரத்தில் சிநேகிதன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வந்தது. நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது தப்பை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. முதலாளியை அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, வண்டியைக் கழற்றிக் கிரீஸை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன். அடுத்த வருஷப் பூஜைக்கும் அதே கார் வந்தது, அதே நிப்பிள்களுக்கு அதே கையால் ஊட்டினேன்.

அதற்கு அடுத்த தை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தவாசலுக்கு முன்னால் ஒரு வளைவில் வலது முன்சக்கரம் மடங்கி வண்டிக்கு அடியில் போய்விட்டது. கார் நேராகப் புளியமரத்தில் மோதியது. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. ரோட்டில் அவருடைய மஃப்ளர் கிடந்தது. யாரோ அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார்கள், காற்றில் பறக்காமல் இருக்க.

ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "நீதான் மெக்கானிக்கா? எப்படிய்யா ஆச்சி?"

குனிந்து பார்த்தேன். கன்மெட்டல் கட்டை மட்டும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயோரத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. தண்டு சக்கரத்தோடு போய்விட்டது. என் பின்னால் இருபது பேர் நின்றார்கள்.

"லேத்ல போட்ட பீஸு சார். புட்டுகிச்சி."

யோசித்துச் சொல்லவில்லை. பொய் சொல்கிறோம் என்று நினைத்தும் சொல்லவில்லை. அதற்காக அது பொய் இல்லை என்றும் ஆகாது. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வெளியிலிருந்து பார்த்து, முன்சக்கரம் கழன்றது என்று எழுதிக்கொண்டு போனார். நான் சொன்னதோ மத்தியானத்துக்குள் ஆரணி முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் எடுப்பதற்கு முன்னால் சிநேகிதன் மாலையோடு வந்தான். முதலாளியின் தம்பி மகன் அவன் கையிலிருந்த மாலையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். "கொன்னுட்டு மாலை வேற போட வந்துட்டியா?" நான் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சிநேகிதன் நேராக என்னிடம் வந்தான்.

"கழட்டிப் பாருடா. ஒரே ஒரு தடவ கழட்டிப் பாரு. பீஸு ஒடைய வாய்ப்பில்ல."

"இன்னாத்த கழட்டறது? அதான் எல்லாரும் கண்ணால பாத்தாச்சே."

அவன் போனான். மாலையை அவனே குனிந்து எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் இருந்தது, பாவமாக இருக்கவில்லை. செத்தவர்மேல் எனக்கு இருந்த பிரியமெல்லாம் அவன்மேல் கோபமாகத் திரும்பிவிட்டது.

ஆளைக் கொன்ன லேத் என்று ஊரில் பேர் வைத்தார்கள். லாரிக்காரர்கள் முதலில் அவனிடம் வருவதை நிறுத்தினார்கள், பிறகு பஸ்காரர்கள். பவர்லூம் ஷாஃப்டு உடைந்தால் யாரும் சாகப் போவதில்லை, பவர்லூம்காரர்களும் நிறுத்தினார்கள். ஆறேழு மாசத்தில் லேத்தை விற்றுவிட்டு மனைவியின் ஊரான பெரணமல்லூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். அந்தக் கதையை என் பட்டறையில் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. அவன் மரை வெட்டும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது என்றுகூட ஒரு தடவை சொன்னேன்.

முதலாளியின் வருஷத் திதி முடிந்த மாசம் அவருடைய மனைவி ஆள் அனுப்பினார். போனேன். போலீஸ் திருப்பிக் கொடுத்த கார் வீட்டுப் பின்கட்டில் தென்னை மரத்தடியில் கிடந்தது.

"மேஸ்திரி, அது மண்டி போட்டுகினு கெடக்கறத என்னால பாக்க முடியல. நாலு சக்கரத்துல நிக்க வச்சிக் குடுங்க, யாருக்காவது குடுத்துடறேன்." பிறகு மேலும் சொன்னார். "இன்னும் ஒண்ணு. எதனால ஆச்சின்னு பாத்து எனக்கு சொல்லுங்க. அவரு தூங்கிட்டாரு, வேகமா போனாருன்னெல்லாம் பேசறாங்க. அவரு வேகமா போற ஆளு இல்ல."

"லேத் பீஸுதாம்மா" என்றேன்.

"பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் ஏற்றினேன். முதலில் ஸ்டியரிங். வளைந்துபோன ஸ்டியரிங் கம்பத்தைக் கழற்றினேன். மரத்தாலான ஸ்டியரிங் வளையம் ஒரு பக்கம் பிளந்திருந்தது. எதில் மோதிப் பிளந்தது என்று யோசிக்காமல் கழுவினேன். ராக்குக்கு அதிகச் சேதமில்லை. பல் பல்லாகத் துடைத்து, தகடு வைத்து ஆட்டத்தைக் குறைத்து, புது ரப்பர் மாட்டினேன். ராக்கைச் சக்கரத்தோடு கோக்கும் டை ராடு எண்டு இரண்டும் புதிது. மேல் ஆர்ம் ஒன்று புதுப்பேட்டையிலிருந்து வந்தது, கூடவே இரும்புத் தண்டுகள் இரண்டும். இதற்கே பத்து நாள் ஆயிற்று. உடைந்த வலது பக்கத்தை மட்டும் தொடவில்லை. வேலை வரிசை அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதனால் இடது பக்கத்தை முதலில் பிரித்தேன். அது உடையாத பக்கம். தண்டைப் பிடித்துத் திருப்பினால் திரும்பவில்லை. வைஸில் கடித்து, குழாய் போட்டு நெம்பியபோதுதான் கிறீச்சென்று அசைந்தது. கழன்று வந்ததும் கட்டையின் உள்ளே பார்த்தேன். அடியில் கிரீஸ் மெழுகு போல் இறுகிக் கிடந்தது. ஒரு வரி மரைக்குக்கூட மேலே ஏறவில்லை. அதற்கு மேலே தண்டின் மரை முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. அவன் சொன்னது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பவர்லூம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்காதா என்று எரிச்சலாக வந்தது.

பிறகு வலது பக்கம். கட்டைக்குள் தண்டின் உடைந்த மொட்டை இருந்தது. அதே மெழுகு, அதே துரு. அதைத் திருகி எடுத்து, முறிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். முக்கால்வாசி கறுத்துக் கிடந்தது, ஓரத்தில் நகத்தளவு மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. தெரிந்தவனுக்கு அது போதும். கறுத்த இடம் பல மாசத்துக்கு முன்னாலேயே விரிசல் விட்டது. அந்த நகத்தளவு இரும்பை நம்பித்தான் முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தவாசலுக்குப் போய் வந்திருக்கிறார். உடைந்தது தண்டு. கன்மெட்டல் கட்டையின் வாயில் பெயர்ந்திருந்த துண்டு, தண்டு முறிந்து இடித்ததில் பெயர்ந்தது. உள்ளே அவன் வெட்டிய மரை புதிது போல இருந்தது. நான் ஊட்டியது சோறு இல்லை, அவருக்கு வாய்க்கரிசி.

நான் அடுத்துச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டைகளையும் மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டேன். கிரீஸ் கரைந்து போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் போட்டேன். அவன் ஊரை விட்டே போய்விட்டான், இவர் உலகத்தை விட்டே போய்விட்டார். பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க, கட்டையின் அடிப்பக்கத்தில் அழுக்குக்கு உள்ளேயிருந்து மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. எண்ணெய் என்று பஞ்ச் அடித்திருந்தான். இன்னொரு கட்டையிலும் அதேபோல். நிப்பிளுக்கு நேர் கீழே, கிரீஸ் கன்னோடு குனிகிறவன் கண்ணில் படுகிற இடத்தில். என்னை நாற்பது வருஷம் தெரிந்தவன் அவன். பூஜைக்கு நான் ஊட்டுவதை வருஷா வருஷம் பார்த்தவன். சொன்னால் மறந்துவிடுவான், எழுதி வைப்போம் என்று நினைத்திருக்கிறான். நான் இரண்டு பூஜைக்கு அங்கே குனிந்தேன், இரண்டு தடவையும் படிக்கவில்லை. பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

டிக்கியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் டப்பா ஒரு பக்கம் நசுங்கி அங்கேயே கிடந்தது. மூடியைத் திறந்திருக்கவே இல்லை.

மறுநாள் கட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரணமல்லூர் போனேன். அவன் ஒரு வெல்டிங் பட்டறையில் ஆளாக வேலை செய்துகொண்டிருந்தான். இரும்புக் கேட்டு ஒன்று தரையில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வாங்க" என்றான்.

நாற்பது வருஷமாக டேய் என்று கூப்பிட்டவன். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் பாதி செத்துவிட்டேன். துணியைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸ், துரு, விரிசல், முதலாளி டப்பாவோடு வந்தது, நான் சிரித்தது. அவன் கட்டையை வாங்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு மரையைத் தடவிப் பார்த்தான்.

"மரை நல்லா கீது. இதையே மாட்டிக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தான்.

"என்ன மன்னிச்சிடுடா. நான் இன்னா பண்ணணும்னு சொல்லு, பண்றேன்."

அவன் யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி சொன்னான். "ஊரெல்லாம் போயி சொன்னீங்க இல்ல? ஊரெல்லாம் போயி சொல்லுங்க."

முதலில் வேலையை முடித்தேன். அவனுடைய கட்டைகளையே மாட்டி, புதுத் தண்டுகளைத் திருகி, எண்ணெய் மரையோரத்தில் கசியும் வரைக்கும் ஏற்றினேன். சுருள் ஸ்ப்ரிங்கை அமுக்கி உட்கார வைத்தேன். சக்கரங்கள் நேராக இருக்கிறதா என்று பார்க்க வழக்கம்போல முறுக்கிய பட்டுப் பாவு நூலைத்தான் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினேன். தொய்யாது, கோடு போட்டாற்போல் நிற்கும். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒழுங்கான வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் என் பட்டறையில் உட்காருகிற அதே ஆட்களிடம். தண்டைக் காட்டி, துருவைக் காட்டி, தப்பு என் கிரீஸ்தான், லேத்காரன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன்.

"விடு மேஸ்திரி. சின்ன வயசு சிநேகம், அதுக்காக அவன் பழிய நீ ஏன் சொமக்கற? பழி ஓரிடம் பாவம் ஓரிடமா ஆயிடப் போவுது."

"யோவ், நெசமா நான்தான்யா."

"பெரிய மனசு உனக்கு" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். கிரீஸ் அடித்து வண்டி கெடுமா என்று ஒருத்தன் என்னையே கேட்டான்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னேன். லாரி ஆபீஸில் சொன்னேன். பவர்லூம் கூடத்தில் தறியை நிறுத்தச் சொல்லிச் சொன்னேன். ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன், கேஸ் எப்பவோ முடிஞ்சிபோச்சி, போய் வேலையப் பாரு என்றார்கள். மாலையைப் பிடுங்கி எறிந்த அந்தத் தம்பி மகனிடம் போய்ச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, உங்கள மாதிரி சிநேகிதன் கெடைக்க அவன் குடுத்து வச்சிருக்கணும்" என்றான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர்க் காதை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா? இரும்புத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மாசம் அலைந்தேன். என் பொய்யை ஒரே காலையில் நம்பியவர்கள் உண்மையை ஒரு மாசத்திலும் நம்பவில்லை. முன்பைவிட எனக்கு மரியாதை கூடியதுதான் மிச்சம்.

காரை அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஓட்டவில்லை, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், கையால் தள்ளி நிறுத்தினேன். நாலு சக்கரத்தில் நின்றது. அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், டப்பா விஷயத்தைத் தவிர. அதை மற்றவர்களிடமெல்லாம் சொன்ன எனக்கு அவர் முகத்துக்கு எதிரே சொல்ல வாய் வரவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவரே அந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஒருநா காலையில எண்ணெய் டப்பாவ எடுத்துகினு உங்ககிட்டதான வந்தாரு?"

"ஆமாம்மா."

"வந்து?"

"நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன்."

அவர் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்டுக்கு வந்து, மேஸ்திரி எண்ணெய் வாணாம்னுட்டாரு, அவருக்குத் தெரியாதான்னு சொன்னாரு. உங்கள அவ்ளோ நம்புனாரு" என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் நான் சொன்ன உண்மையை நம்பியது அந்த அம்மா ஒருத்தர்தான்.

மறுபடியும் பெரணமல்லூர் போனேன். அவன் ஒரு ஜன்னல் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான். ஒரு இடம் விடாமல் சொல்லிவிட்டேன் என்றேன். எங்கெங்கே, யார் யாரிடம் என்று சொன்னேன். திரும்பி வந்துவிடு, லேத் போடலாம், நானும் கூட நிற்கிறேன் என்றேன்.

"நம்புனாங்களா?" என்று கேட்டான்.

"அந்தம்மா நம்புனாங்க. மத்த யாரும் நம்பலடா. எவ்ளோ சொல்லியும் நம்ப மாட்றாங்க."

"நான் சொன்னப்பவும் யாரும் நம்பலீங்க" என்றான். வெல்டிங் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மறுபடி பற்றவைக்க ஆரம்பித்தான். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.